பரண் ஏணி ஆடுகிறதா? முதலில் மேலே பாருங்கள்

வன்னியில் பரண் என்றதும் பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்க வயற்கரையில் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதுவது வீட்டுக்குள், சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற பரணைப் பற்றி. மீள்குடியேறி வந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்துக் கட்டிய எங்கள் வீட்டில் சாமான் வைக்கத் தனி இடம் கிடையாது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சீலிங் அடித்தோம், சுவருக்குச் சுவர் வளை (பாரம் தாங்குகிற மரம்) போட்டுப் பலகை பரப்பினோம், படங்கு, கிடாரம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எடுக்கிற பானை, கச்சான் விதை, காணி உறுதி எல்லாம் மேலே போயின. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டில் நனையாமல் மிஞ்சியது மேலே இருந்தவை மட்டும்தான். அதனால் பரண் வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஏறி இறங்குகிற வழி ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அது ஒழுங்காக இருக்கவில்லை. பரண் வாயில், அதாவது ஏறுவதற்குச் சீலிங்கில் வெட்டிய துவாரத்தில், ஒரு மர ஏணியைச் சாத்தி வைத்துத்தான் ஏறி வந்தோம். ஒரு நாள் அம்மா உழுந்துச் சுளகோடு இறங்கும்போது ஏணியின் கால் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்ரர். அதற்குப் பிறகுதான் வாயைச் சுற்றி வளையில் ஒரு சட்டம் அடித்து, அதில் வாயை மூடுகிற கதவும் மேலே மடித்து வைக்கிற ஏணியும் பூட்டினேன். பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று ஒன்பது வீடுகளில் போட்டும் திருத்தியும் கொடுத்திருக்கிறேன், பிழையே வராத ஏணி அதில் ஒன்றுகூட இல்லை. பிழை கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஏணியின் காலில், தொடங்குவது ஏணி தொங்குகிற மரத்தில். கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சீலிங்குக்கு மேலே எந்த வயர் எங்கே ஓடுகிறது என்று வீட்டை வயரிங் செய்தவருக்கே ஞாபகம் இருக்காது, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பி மரத்தில் துளை போடக் கூடாது. கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி சுவாசப்பைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். மேலே வேலை செய்யும்போது சீற்றில் சாயவும் கூடாது, ஆள் பாரத்துக்கு அது உடையும். தகரக் கூரை என்றால் காலை எட்டு மணிக்கு முன் ஏறி வேலையை முடியுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குப் பிறகு அங்கே தலை சுற்றும், தலை சுற்றுகிறவர் ஏணி வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். வேலை முடியும்வரை கீழே ஒரு பெரிய ஆள் நிற்கட்டும்.

ஏறும்போது ஏணி முழுவதும் பக்கவாட்டில் ஆடுகிறது

அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். எல்லோரும் செய்வது காலுக்குக் கீழே கடதாசி மட்டையை மடித்து வைப்பது, இரண்டு நாளில் அது நசிந்து பழையபடி ஆடும். ஒருவரை மூன்றாவது படியில் நிற்கவிட்டு மெதுவாக இடமும் வலமும் அசையச் சொல்லுங்கள். நீங்கள் வேறொரு ஏணியிலோ உறுதியான மேசையிலோ நின்று, ஏணியின் தலை சட்டத்தோடு சேருகிற இடத்தில் ரோச் அடித்துப் பாருங்கள். ஏணி மட்டும் அசைந்து சட்டம் அசையாமல் இருந்தால் பிழை பிணைச்சலில் (கீலில்), அந்த நட்டை இறுக்கி மேலே இன்னொரு நட்டுப் போட்டால் முடிந்தது. மடிகிற மூட்டை மட்டும் ஒரேயடியாக முறுக்கிவிடாதீர்கள், பிறகு ஏணி மடியாது, மடிய வைக்கிறேன் என்று இழுத்தால் பிணைச்சல் வளையும்.

ஏணியோடு சேர்ந்து சட்டமும் அசைந்தால் அது வேறு கதை. சட்டத்தை வளையோடு பிடித்திருக்கிற ஸ்குறூ தன் பிடியை விட்டுவிட்டது. செலவைக் குறைக்கப் பனை வளை போட்ட வீடுகளில் இது கட்டாயம் வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பூட்டி ஐந்து மாதத்தில் சட்டத்துக்கும் வளைக்கும் நடுவில் பத்துரூபாய்க் குற்றி போகுமளவு இடைவெளி வந்துவிட்டது. நாலு அங்குல ஸ்குறூவை நான் விரலாலேயே சுழற்றி எடுத்தேன். அதன் புரிகளில் மண்ணிறத் தும்பு சுற்றிக்கொண்டிருந்தது, தேங்காய்த் தும்பைவிட மெல்லியது, விரலால் நசித்தால் மாவானது. துளைக்குள் ஓர் ஆணியை விட்டுப் பார்த்தால் வெளிப்பக்கம் ஓர் அங்குலம் கல் மாதிரி இருந்தது, அதற்கு உள்ளே ஆணிக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. பனையில் வைரம் வெளிப்பக்கத்தில்தான், உள்ளே வெறும் சோறு. ஸ்குறூவின் நுனி போய் நிற்பது அந்தச் சோற்றுக்குள், அங்கே அது எதைப் பிடிக்கும்?

எங்கள் ஊர் ஓடாவி (தச்சர்) ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பனைக்கு ஸ்குறூ நிக்காது. ஊடுருவ போல்ட் விடு, ரெண்டு பக்கமும் பெரிய வாசர் போடு" என்றார். அதைத்தான் இன்றுவரை செய்கிறேன். வளையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை துளைத்து 10 மில்லிமீற்றர் போல்ட், இரண்டு பக்கமும் நாணயத்தைவிட அகலமான வாசர், சட்டத்தின் ஒவ்வொரு நீளப்பக்கத்திலும் குறைந்தது மூன்று. பழைய துளையில் தடித்த ஸ்குறூவைப் போட்டால் நிற்கும் என்று நினைக்காதீர்கள், உள்ளே மரமே இல்லை. இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். சட்டத்துக்கும் வளைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் போல்ட் வருகிற இடத்திலேயே மர ஆப்பு வையுங்கள், வைக்காமல் இறுக்கினால் சட்டம் வளைந்து கதவு இடிக்கத் தொடங்கும். ஆப்பையும் ஊடுருவித்தான் போல்ட் போக வேண்டும், வெறுமனே செருகி வைத்த ஆப்பு ஒரு நாள் கழன்று யாருடையாவது தலையில் விழும்.

முதிரை, பாலை வளை என்றால் பிரச்சினை நேர்மாறு. ஸ்குறூ நன்றாகப் பிடிக்கும், ஆனால் துளை போடாமல் ஏற்றினால் பாதி வழியில் தலை முறியும் அல்லது மரம் வெடிக்கும். ஸ்குறூவின் நடுத்தண்டு அளவுக்கு முதலே துளை போட்டு, புரியில் சவர்க்காரம் தேய்த்து ஏற்றுங்கள்.

சட்டமும் வளையும் சேர்ந்தே அசைந்தால் ஏறுவதை அன்றே நிறுத்துங்கள். ஒன்றில் வளையின் நுனி சுவரில் சரியாக உட்காரவில்லை, அல்லது நீங்கள் வளை என்று நினைத்தது சீலிங் சலாகை. கீழே வருவது அதைப் பற்றித்தான்.

சீலிங்கில் வெடிப்பு வருகிறது, ஆள் ஏறினால் தொய்கிறது

சீலிங் அடிக்கப் போடுகிற இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு சலாகை அந்தச் சீலிங் தகட்டைத் தாங்கத்தான். அதில் ஏணியைத் தொங்கவிடக் கூடாது, அதன் மேல் பலகை போட்டு ஆள் நடக்கவும் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் மேலே போய்ச் சுவருக்குச் சுவர் போகிற வளை எது, நடுவில் கம்பியில் தொங்குகிற சலாகை எது என்று கையால் தடவிப் பார்த்து மாக்கரால் அடையாளம் போடுங்கள்.

பரண் வாய் வெட்டும்போது ஒரு வளையை நடுவில் அறுக்க நேர்ந்தால், அறுத்த இரண்டு நுனிகளையும் குறுக்கு வளை போட்டுப் பக்கத்து வளைகளோடு பிணைக்க வேண்டும், பக்கத்து வளைகளையும் இரட்டிப்பாக்கினால் இன்னும் நல்லது. அறுத்த நுனி சும்மா நிற்கிற வீடு இரண்டு பார்த்திருக்கிறேன், இரண்டிலும் சீலிங் வெடிப்பு அந்த மூலையிலிருந்துதான் ஓடியது. கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டகம், அது மரமோ இரும்போ, அதில் ஒரு கட்டையைக்கூட அறுக்க வேண்டாம். வாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பாரத்தையும் யோசியுங்கள். கடையில் வருகிற ஏணிகளில் 150 கிலோ என்று போட்டிருந்தால் அது ஆளும் சாமானும் சேர்த்து. 70 கிலோ ஆள் ஒரு நெல் மூடையைத் தோளில் வைத்து ஏறினால் அந்தக் கணக்கின் விளிம்புக்குப் போய்விடுவார், வீட்டில் செய்த ஏணிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. மூடை பரணுக்கு உரியதே இல்லை, அது அறைக்குள் கட்டையின் மேல் இருக்கட்டும்.

கால் தரையில் படவில்லை, அல்லது மூட்டில் வாய் பிளக்கிறது

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கம், கால் வெட்டிய அளவு பிழை. கால் கட்டையாக இருந்தால் ஏணி அந்தரத்தில் தொங்கும், ஏறுகிற பாரம் முழுவதும் பிணைச்சலிலும் சட்டத்திலும் இறங்கும். கால் நீளமாக இருந்தால் ஏணி நேராக நீள முடியாமல் நடு மூட்டில் முறுவலிக்கும், ஏறினால் அந்த மூட்டின் பிணைச்சல்தான் முதலில் கிழியும். கட்டையான காலுக்குக் கீழே செங்கல் வைத்து ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது, தயவுசெய்து அது வேண்டாம். காலையே புதிதாகப் போட்டு போல்ட்டால் பிணையுங்கள், அல்லது கீழ்ப்பகுதியை முழுதாக மாற்றுங்கள்.

சரியாக அளக்கிற விதம் இது. கீழ்ப்பகுதியை மடித்தே விட்டு, மேலே உள்ள பகுதிகளை நேராக நீட்டி ஒருவர் லேசாகத் தரைப்பக்கம் அழுத்திப் பிடிக்கட்டும். ஏணியின் முன் விளிம்போடு ஒரு நேரான சலாகையை ஒட்டி வைத்து, மூட்டிலிருந்து தரைவரை அளவு எடுங்கள். பிறகு பின் விளிம்போடு வைத்து அளவு எடுங்கள், இரண்டும் வேறாகத்தான் வரும், அந்த வித்தியாசம்தான் கால் வெட்ட வேண்டிய சாய்வு. அதை வலது கால், இடது கால் என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாசலுக்கு ஓட வேண்டும் என்று மேசன் தரையை ஒரு பக்கம் சரித்துத்தான் இழுத்திருப்பார். எங்கள் வீட்டில் பதினெட்டு அங்குலத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தது. ஒரு காலை அளந்து இரண்டையும் அதே அளவில் வெட்டினால், எத்தனை முறை இறுக்கினாலும் ஏணி ஒற்றைக் காலில்தான் நிற்கும். முதலில் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு வெட்டி, வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சீவுங்கள்.

வெட்டிய பிறகு படிகளில் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். படி முன்பக்கம் சரிந்திருந்தால் இறங்கும்போது குதி வழுக்கும். சாய்வுக்கு நான் வைத்திருக்கிற கணக்கு, சாத்துகிற ஏணிக்கு நாலுக்கு ஒன்று. சீலிங் ஒன்பது அடி என்றால் கால், ஏணி சாய்கிற விளிம்புக்கு நேர் கீழிருந்து இரண்டேகால் அடி வெளியே, கிட்டத்தட்ட 75 பாகை. அதைவிட நிமிர்த்தினால் பின்னால் சரியும், அதைவிடப் படுக்கவிட்டால் கால் முன்னால் ஓடும். மடிப்பு ஏணி இதைவிடக் கொஞ்சம் படுத்து நிற்கலாம், மேலே பூட்டியிருப்பதால் ஓடாது, வயதானவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் 65 பாகையில் நிற்க அதே ஒன்பது அடிக்குத் தரையில் நாலடிக்கு மேல் வேண்டும், கால் வந்து இறங்குகிற இடத்தில் கட்டிலோ அலுமாரியோ இல்லை என்பதை வாய் வெட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

கதவு ஒரு மூலையில் இடிக்கிறது

சட்டம் சதுரத்தில் இல்லை. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள், இரண்டும் சமனாக வர வேண்டும். 24 அங்குலத்துக்கு 54 அங்குல வாய் என்றால் ஒவ்வொன்றும் 59 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். வித்தியாசம் இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, நீளம் கூடிய மூலையைத் தட்டி உள்ளே தள்ளி, ஆப்பை மாற்றி இறுக்குங்கள். கதவைச் சீவ வேண்டாம், அது பிழை செய்யவில்லை.

மாரியில் மட்டும் இறுகுகிறது என்றால் மரம் ஊதியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்பட்டுச் சீவினால் பங்குனியில் விரல் போகிற இடைவெளி வரும். முதலில் அதற்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறதா என்று மழை பெய்யும்போதே ஏறிப் பாருங்கள், இரண்டு வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது. ஒழுக்கு இல்லையென்றால் கோடை வரை பொறுத்து, கதவைக் கழற்றிக் காயவிட்டு, நாலு விளிம்புகளுக்கும் வெட்டுமுகங்களுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். முகத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்து விளிம்பை வெறுமையாக விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும்.

கதவு பொத்தென்று விழுகிறது, அல்லது மூடினால் நிற்காமல் இறங்குகிறது

இழுத்தவுடன் முகத்துக்கு நேரே வந்து விழுகிற கதவு பயங்கரமானது. ஸ்பிரிங் வைத்த ஏணி என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது ஒரு பக்கத்து ஸ்பிரிங் கழன்றுவிட்டது. கதவு திறந்து தொங்கும்போதுதான் ஸ்பிரிங் முழுதாக இழுபட்டிருக்கும், அந்த நேரத்தில் அதைக் கழற்றப் போகாதீர்கள், சாட்டை மாதிரி அடிக்கும். கதவை மூடி, கீழிருந்து ஒரு பலகையைக் குறுக்கே கொடுத்துச் சட்டத்தோடு பூட்டி நிறுத்திவிட்டு, பரணுக்குள் இருந்தபடி மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் பலகையைக் கழற்றிவிடக் கீழே இன்னொரு ஏணியோடு ஆள் வேண்டும். ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், புதிதும் பழையதும் சேர்ந்தால் கதவு ஒரு பக்கமாக முறுகும்.

வெல்டிங் கடையில் செய்வித்து, கப்பியில் கயிறு போட்டு, மறுபக்கம் மண் நிரப்பிய தகரத்தைத் தொங்கவிட்ட ஏணி என்றால் கயிற்றைக் கப்பியில் வளைகிற இடத்தில் விரித்துப் பாருங்கள். அங்கே ஒரு புரி பிரிந்திருந்தால் முழுக் கயிற்றையும் மாற்றுங்கள். திறப்பதற்கு மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியே போதும். அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.

மேல்படிக்கு வந்ததும் பிடிக்க ஒன்றுமில்லை

ஏணி ஆடாது, கால் வழுக்காது, ஆனால் மேலே போய்த் திரும்பி இறங்கும்போது ஆள் தடுமாறுவார். அம்மா இதை ஒரு வசனத்தில் சொன்னார்: "தம்பி, ஏறுறது பயமில்லை, இறங்கேக்க முதல் படியைக் காலால தேடுறதுதான் பயம்." நான் ஏணியைப் பூட்டி மாதக்கணக்காகியும் அது எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குக் கால் எட்டியது.

சாத்துகிற ஏணி என்றால் வாயின் விளிம்பைத் தாண்டி மூன்று அடி மேலே நீண்டிருக்க வேண்டும், பிடிப்பதற்கு அதுதான். மடிப்பு ஏணி அப்படி நீள முடியாது. அதற்குப் பதிலாக வாயின் இரண்டு பக்கமும் ஓர் அங்குல ஜி.ஐ. குழாயை வளைத்துக் கைப்பிடியாக, பலகையில் இல்லாமல் வளையிலேயே போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஏறி வருகிற பக்கம் தவிர்த்து மூன்று பக்கத்துக்கும் இடுப்பளவு கம்பி போட்டால், மேலே குனிந்து சாமான் தேடுகிறவர் பின்னால் நகர்ந்து வாய்க்குள் விழ மாட்டார். மேல்படியின் விளிம்புக்கு மஞ்சள் பெயின்ற் அடியுங்கள். மேலே ஒரு எல்.ஈ.டி. பல்பைப் போட்டு அதன் சுவிட்சைக் கீழே வையுங்கள், வாயில் ரோச்சைக் கவ்விக்கொண்டு யாரும் ஏறக் கூடாது.

சாமானைக் கையில் வைத்து ஏறவும் வேண்டாம். கடகத்தில் வைத்துக் கயிறு கட்டி, மேலே போன பிறகு இழுத்துக்கொள்ளலாம். இப்போது எங்கள் வீட்டில் உழுந்தும் கச்சானும் கடகத்தில்தான் ஏறி இறங்குகின்றன.

துரு, வெள்ளைப் பொடி, மண் கோடு

முல்லைத்தீவு, மன்னார்க் கடற்கரைப் பக்கம் அலுமினிய ஏணியில் சாதாரண இரும்பு ஸ்குறூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிபடும், ஸ்ரெயின்லெஸ் ஸ்குறூவுக்கு மாற்றி நடுவில் நைலோன் வாசர் போடுங்கள். பொக்ஸ் பாரில் செய்த இரும்பு ஏணி என்றால் திறந்த நுனிகளுக்கு மூடி போடுங்கள், படியும் நிமிர்ந்த பாரும் சேருகிற வெல்டிங்கில் மயிர் அளவு துருக்கோடு தெரிந்தால் அது பெயின்ற் வெடிப்பா இரும்பு வெடிப்பா என்று சுரண்டிப் பாருங்கள். இரும்பில் வெடிப்பு என்றால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகும்வரை ஏறக் கூடாது.

சுவரிலிருந்து சட்டத்துக்கு விரல் அகலத்தில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான். மண்ணைத் தட்டிவிட்டு மருந்து அடித்தால் போதாது, ஸ்குறூ டிரைவரால் சட்டத்தை ஒவ்வொரு சாணுக்கும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். மேலுக்கு வார்னிஷ் பளபளக்க உள்ளே கடதாசி மாதிரி ஆன சட்டத்தை நான் கையில் எடுத்திருக்கிறேன்.

கதவு மூடியும் எலி வருகிறது, தூசி கொட்டுகிறது

எலி வந்தால் பின்னால் பாம்பு வரும், அதனால் இதைச் சிறிய விஷயமாக விடாதீர்கள். விரற்கடை இடைவெளி இருந்தால் எலிக்குப் போதும். இரவில் பரணுக்குள் ஒரு ரோச்சை எரியவிட்டுக் கதவை மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கீழே நின்று பாருங்கள். எங்கே வெளிச்சம் கோடாக விழுகிறதோ அந்த இடத்தைச் சோக்கால் குறித்து, காலையில் றப்பர் பட்டியைக் கதவில் ஒட்டாமல் சட்டத்தின் உள் விளிம்பில் ஒட்டுங்கள், கதவில் ஒட்டினால் ஏணி மடிந்து இறங்கும்போது உரசிக் கிழியும்.